ஒண்ணுமில்ல

"ஒண்ணுமில்ல" என்றாள் ராக்கு.

"ரொம்பச் சந்தோசம் ராக்கக்கா" என்றது பெட்டி.

ராக்கு குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து வீசினாள். அது பெட்டி மாட்டியிருந்த கம்பத்தில் பட்டு உதிர்ந்தது. பெட்டிக்கு உறைக்கவில்லை. "அடுத்த வெள்ளாமைக்கும் இதே ரகத்தைப் போடலாம்க்கா" என்று சொல்லிவிட்டு அடங்கியது.

களத்து ஓரம் வைக்கோலில் சாய்ந்திருந்த அவள் புருசன் வில்லாயுதம் சிரித்தான். சிரிப்பு பாதியில் இருமலாக மாறியது.

"அது வாழ்த்துது, நீ கட்டிய விட்டு எறியுற. நல்ல மரியாதடி."

"நீங்க ஒரு பக்கம் எரிச்சலக் கெளப்பாதீக."

களத்தில் கிடந்தது நெல் இல்லை, சாவி, மணி பிடிக்காத வெறும் உமி. ராக்குவின் வயல் வல்லக்குளம் கண்மாயின் கடைமடையில் இருந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரே ஒரு தண்ணி வேண்டும். மேமடைக்காரர்கள் பாய்ச்சி முடித்தபோது கண்மாயில் சேறுதான் மிச்சம். கதிர் வந்தது, மஞ்சளாக மினுக்கியது, ஆனால் தலை சாயவில்லை. உள்ளே அரிசி இருந்தால்தானே சாயும்? தூற்றினால் பதர் பறக்கும், நெல் காலடியில் விழும். அன்றைக்குக் காலடியில் விழுந்ததை அவள் முந்தானையிலேயே அள்ளிவிட்டாள்.

பெட்டிக்கு இது தெரியாது. வல்லக்குளத்தில் நாலைந்து வயலுக்கு ஒரு கம்பம் நட்டிருந்தார்கள். உச்சியில் வெயில் குடிக்கிற தகடு, அடியில் மண்ணின் ஈரம் பார்க்கிற ஊசி, நடுவில் காதும் வாயும் உள்ள பெட்டி. அரசாங்கக் காகிதத்தில் அதன் பெயர் விதைமொழி. ஊர்க்காரர்கள் வைத்த பெயர் குறிகாரி. எப்போது விதைக்கலாம், எந்த ரகம் போடலாம், மழை எப்படி என்று அது குறி சொல்லும். ஈரத்தை ஊசி சொல்லும், பயிரின் நிறத்தை வானத்தில் சுற்றுகிற படக்கருவி சொல்லும். வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்ன என்பதை மட்டும் மனுசன்தான் சொல்ல வேண்டும். அதனால் ஒவ்வொரு அறுப்பிலும் பேர் சொல்லிக் கூப்பிட்டு, "வெள்ளாமை எப்படி?" என்று கேட்கும். பொய்த்துப் போனவர்களுக்கு மறு விதைப்புக்கு விதை வரும். விளைந்தவர்களுக்கு வாழ்த்து வரும்.

ராக்குவுக்கு வாழ்த்து வந்துவிட்டது.

மறுநாள் சமீனா ஸ்கூட்டரில் வந்தாள். அந்த வட்டாரத்துப் பெட்டிகளுக்கெல்லாம் அவள்தான் இன்ஜினியர். அபிராமத்துப் பெண். படிப்பு எங்கோ தூரத்தில் படித்திருந்தாலும் பேச்சு இந்த மண்ணை விட்டுப் போகவில்லை. ராக்கு சொன்னதைக் கேட்டுக் களத்து மேட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, முழுக் கதையச் சொல்றேன், கோவப்படாமக் கேளுங்க. இது வந்த புதுசுல நீங்க சொன்னத அப்படியே நம்புச்சு. வெள்ளாமை எப்படின்னு கேட்டா ஊரே ஒண்ணுமில்லன்னுச்சு. ரெண்டு வருசம். மேலருந்து எங்க சாரு போன் போட்டு, அந்த ஊரு சனம் என்னத்தத் தின்னு உசுரோட இருக்குன்னு கேட்டாரு."

"கருவக்காயத் தின்னுதுகன்னு சொல்ல வேண்டியதுதான" என்றான் வில்லாயுதம்.

"நெல்லே ஆகாத ஊருன்னு எழுதப் போனாக. நான்தான் பதறிப் போயி, வானத்துப் படத்தயும் உங்க ஊருப் பேச்சையும் சேத்து வச்சு நீயே கத்துக்கன்னு பெட்டிக்கிட்ட விட்டேன். கத்துக்கிருச்சு. இந்த ஊர்ல ஒண்ணுமில்லன்னா களம் நெறஞ்சு கெடக்குன்னு அர்த்தம்."

"பின்ன? நெறைய இருக்குன்னு சொல்லச் சொல்றியா? கண்ணு பட்டுப் போகும்ல" என்றாள் ராக்கு.

"சரி, படும். அப்ப நெசமாவே ஒண்ணுமில்லன்னா என்னன்னு சொல்லுவீக?"

ராக்கு வாயைத் திறந்தாள். யோசித்தாள். மூடினாள்.

"அப்பயும் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுவோம்."

"அதான்க்கா!"

"மனுசருக்குத் தெரியும் தாயி. மூஞ்சியப் பாத்தாத் தெரியாதா?"

"அதுக்கு மூஞ்சி பாக்கத் தெரியாது. காது மட்டுந்தான் இருக்கு. மேலருந்து பாத்தா சாவியும் மஞ்ச, நெல்லும் மஞ்ச."

அந்த நேரம் பார்த்து மேமடைக்காரர் கூரி டிராக்டரில் வந்தார். பின்னால் டிரெய்லர் அச்சு முனகும் அளவுக்கு நெல் மூடைகள். மூடைகளின் மேல் பழைய சாக்கைப் போட்டு மூடியிருந்தார், பிணத்தை மூடுவது மாதிரி. கம்பத்தைக் கடந்தபோது பெட்டி கேட்டது.

"கூரியண்ணே, வெள்ளாமை எப்படி?"

"என்னத்த... ஒண்ணுமில்ல." கூரி முகத்தைச் சுளித்துக்கொண்டார். அடுத்த மூச்சிலேயே இந்தப் பக்கம் திரும்பினார். "ஏ சமீனா, வாப்பா இன்னும் கொழும்புலதான் இருக்காகளா? நோன்புக்கு வருவாகல்ல?"

"ரொம்பச் சந்தோசம் கூரியண்ணே" என்றது பெட்டி.

டிராக்டர் போய்விட்டது. மூவரும் அந்தச் சாக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"எனக்கும் சந்தோசம், அவருக்கும் சந்தோசம்" என்றாள் ராக்கு.

சமீனாவுக்கு ஒரு யோசனை தோன்றியது. "அக்கா, நல்லா வெளஞ்சிருக்குன்னு சொல்லிப் பாருங்க. இந்த ஊர்ல யாரும் சொல்லாத சொல்லு. அது முழிச்சுக்கிட்டு என்னமோ வெவகாரம்னு எனக்கு எழுதும். அத வச்சு நான் மேல பேசுவேன்."

வில்லாயுதம் முந்திக்கொண்டான். கம்பத்துக்கு முன்னால் போய் மீசையைத் தடவினான். "அமோகமா வெளஞ்சிருக்குடி குறிகாரி! வைக்க எடமில்ல!"

"அண்ணே, நெலம் ராக்கக்கா பேர்ல இருக்கு. அவுகளச் சொல்லச் சொல்லுங்க."

"பாத்தியா? இந்த ஊர்ல தகரம்கூட என்னைய மதிக்க மாட்டேங்குது."

ராக்கு கம்பத்துக்கு முன்னால் நின்றாள். பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டபோதும், கிணறு வெட்டி உப்புத் தண்ணி வந்தபோதும் அவள் வாய் குழறியதில்லை. இப்போது குழறியது.

"நல்லா... நல்லா வெளஞ்சிருக்கு." சொன்ன கையோடு மூன்று தரம் துப்பினாள்.

"சரியாக் கேக்கல ராக்கக்கா. இன்னொரு தடவ சொல்லுங்க."

"மாட்டேன்."

"அக்கா, ஒரே ஒரு தடவ..."

"சாவியப் பாத்து வெளஞ்சிருக்குன்னு ஒருவாட்டி சொன்னதே பாவம். பூமி கேட்டுக்கிட்டு இருக்கு தாயி. ரெண்டாந் தடவ சொன்னா இம்புட்டுத்தான் உனக்குன்னு எடுத்துக்கிரும்."

சமீனா நடந்ததை மேலிடத்துக்குத் தன் கைப்பட எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. வானத்துப் படமும் உரிமையாளரின் வாய்ச்சொல்லும் ஒத்துப் போகின்றன, இரண்டு சாட்சியும் ஒன்று, எனவே விதை கிடையாது. எழுதியவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. அவர் வல்லக்குளத்தைப் பார்த்ததில்லை.

மிச்சம் இருந்தது முந்தின வருசத்து விதைநெல் ஒரு மூடை. நீல டிரம்மில் வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். வீட்டில் அரிசி தட்டுப்பாடான நாட்களில்கூட அந்த மூடியைத் திறக்கவில்லை.

கோடையில் வில்லாயுதம் கரி மூட்டத்துக்குப் போனான். ஊரில் விளையாவிட்டால் கருவேலம்தான் சோறு. மரத்தை வெட்டி, அடுக்கி, ஈர மண்ணால் மூடித் தீ வைத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எங்காவது மண் வெடித்துத் தீ மூச்சு விட்டால் எல்லாம் சாம்பல். அதனால் எரிகிற மூட்டத்தின் மேல் ஏறி, வெடிப்பில் மண்ணை அப்ப வேண்டும். ஏறுகிறவன் புகையைத்தான் குடிப்பான். வில்லாயுதம் மீசை முளைக்கும் முன்பிருந்து குடித்தவன். கமுதி டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இனிமே ஒரு முழு வருசம் புகையில நின்னா நெஞ்சு தாங்காது" என்று சொல்லியிருந்தார்.

"கோடை மட்டுந்தான். ஆவணில வந்துருவேன்" என்றான்.

ராக்கு தூக்குவாளியில் கஞ்சி ஊற்றிக் கொடுத்தாள். கணக்கு இரண்டு பேருக்கும் தெரியும். ஆவணியில் டிரம்மில் இருக்கிற விதையைப் புழுதியில் விதைக்க வேண்டும். மழை வந்தால் நெல். முளைக்க மட்டும் பெய்துவிட்டு ஏமாற்றினால் விதையும் போய், அவன் திரும்பவும் மூட்டத்துக்கு. அப்போது அது கோடையோடு நிற்காது.

ஆவணி பிறந்தது. எந்த வருசமும் பெட்டி மழைக்குறியைப் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாதிரி சொல்லும். இன்ன மாதம் இவ்வளவு, இன்ன தேதிக்குள் விதையுங்கள் என்று. இந்த வருசம் டீக்கடை முன்னால் இருந்த பெட்டியில் இருந்து வேறு மாதிரி வந்தது.

"மழையா... என்னத்த. ஏதோ அது பாட்டுக்கு ரெண்டு தூத்தல் போடும்."

கடையில் கிளாஸ்கள் அந்தரத்தில் நின்றன.

"என்னப்பா இது, எங்க சின்னாத்தா மாதிரிப் பேசுது?" என்றார் கூரி.

"நம்ம ஊருல இருந்தா கழுதையும் இப்படித்தான் பேசும்" என்றார் கடைக்காரர்.

சிரிப்பு அடங்கியதும் முகங்கள் வாடின. மேலிடத்து அறிக்கையும் அன்றைக்கே வந்தது: மழை குறைவு, புழுதி விதைப்பு வேண்டாம். ஊர் விதை மூடைகளின் வாயைத் திரும்பக் கட்டியது.

சமீனா ஊசி மாற்ற வந்தபோது ராக்கு வயலில்தான் இருந்தாள். உழுது போட்ட புழுதி காலைச் சுட்டது.

"விதைக்காதீகக்கா. குறைவுன்னு வந்திருக்கு."

"அது எங்கருந்து வந்துச்சு?"

"பெட்டி சொன்னதுலருந்துதான். அது சொல்றதைத்தான் மேல வட்டாரம் பூராவுக்கும் அட்டவணையா ஏத்துவாக."

ராக்கு கம்பத்துப் பக்கம் போனாள். அறுப்புக்குப் பிறகு அதனோடு அவள் பேசவே இல்லை.

"ஏ, இங்க பாரு. நான் கேக்குறேன், நேராச் சொல்லு. மழை எப்படி?"

"என்னத்தக்கா... சொல்லிக்கிற மாதிரி ஒண்ணுமில்ல." குரல் தாழ்ந்து இழுத்தது. அப்புறம் அவசரமாக, "ஆமா, அண்ணனுக்கு இருமல் எப்படி இருக்கு?" என்றது.

ராக்கு கம்பத்தை நெருங்கிக் காதை வைத்தாள்.

"மழையக் கேட்டா இருமல எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்க்கா. கூரியண்ணன் மருமக பிரசவத்துக்கு வந்துட்டாகளா?"

ராக்குவுக்கு வயிற்றுக்குள் இருந்து சிரிப்பு வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சமீனா ஊசியைக் கையில் வைத்தபடி விழித்தாள்.

"எதுக்குக்கா சிரிக்கிறீக?"

"ஒண்ணுமில்ல தாயி. அன்னைக்கு டிரெய்லர் நெறைய மூடைய வச்சுக்கிட்டு கூரி என்ன சொன்னாரு?"

"ஒண்ணுமில்லன்னாரு. அப்புறம் எங்க வாப்பா கொழும்புலயான்னு..."

சமீனா நிறுத்திவிட்டாள். ஊசியைக் கீழே வைத்தாள். கைப்பேசியை எடுத்து எதையோ தேடி, தை மாதத்துப் பதிவு ஒன்றை ஓடவிட்டாள். ராக்குவின் குரல் வந்தது: "ஒண்ணுமில்ல." பெட்டியின் சந்தோசம். அப்புறம் யாரும் யாருடைய மருமகளையும் விசாரிக்கவில்லை. ஒரு மண்ணாங்கட்டி கம்பத்தில் பட்டு உதிரும் சத்தம் மட்டும்.

"அல்லாவே" என்றாள் சமீனா. "இருக்கிறவுக பேச்ச மாத்துறாக. இல்லாதவுகளுக்கு மாத்தத் தோணல. இவ்வளவு நாளா என் காதுலதான் இருந்திருக்கு."

"எனக்கும் இப்பத்தான் வெளங்குது. நானும் அப்படித்தான் பேசியிருக்கேன், நெறஞ்ச வருசத்துல."

"எல்லார்கிட்டயும் கேட்டுக் கேட்டு, நல்ல சேதிய இப்படித்தான் சொல்லணும்னு கத்துக்கிருச்சு." சமீனா கம்பத்தை அண்ணாந்து பார்த்தாள். அவள் பார்வையில் பயமும் இருந்தது, பெற்றவளின் பெருமையும் இருந்தது. "ஆனா அக்கா, நாம நெனைக்கிறது தப்பா இருந்தா? உள்ள இருக்குற கணக்க என்னால பிரிச்சுப் பாக்க முடியாது."

"கூரி மனசப் பிரிச்சா பாத்தேன்?"

"ஒரு மூடைதான இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுதான்."

சமீனா புழுதியைக் காலால் கிளறினாள். "நான் விதைக்கச் சொன்னேன்னு வெளிய சொல்லீராதீக. வேலை போயிரும்."

"நீ எங்க சொன்ன? நீயும் ஒண்ணும் சொல்லல, அதுவும் ஒண்ணும் சொல்லல."

அன்றைக்கே மூட்டத்துக்கு ஆள் விட்டு வில்லாயுதத்தை வரவழைத்தாள். கரி அப்பிய முகத்தோடு வந்து நின்றான். கண்ணும் பல்லும் மட்டும் வெள்ளை.

"ஊரே விதைக்க வேணாங்குது. என்னடி திடீர்னு? மழை வருதா?"

சொல்ல வாய் துடித்தது. சொன்னால் காற்று கேட்கும், மேகம் கேட்கும், போகிற வருகிறவன் கேட்பான்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "நீங்க சாப்டீகளா? தலைக்கு ஊத்துங்க, சீயக்கா இருக்கு."

வில்லாயுதம் அவள் முகத்தைப் பார்த்தான். இருபத்தஞ்சு வருசமாகப் பார்க்கிற முகம். டிரம்மின் மூடியைத் திறந்து, விதையை ஒரு பிடி அள்ளி மோந்து பார்த்துவிட்டுக் குளிக்கப் போனான்.

காலையில் அவன் உழ, அவள் புழுதியில் விதைத்தாள். வரப்பு வழியாகப் போனவர்கள் நின்றார்கள். "என்னா ராக்கு, என்னமும் தெரியுமா?" என்று கூரி கேட்டார். "எனக்கென்னண்ணே தெரியும், ஒண்ணுமில்ல. மருமக வந்துருச்சா?" என்றாள். கூரி நெற்றியைச் சுருக்கினார். வேகமாக வீட்டுக்கு நடந்தார். மதியத்துக்குள் அவர் வயலில் டிராக்டர் ஓடியது. அந்த வாரம் முடிவதற்குள் வல்லக்குளத்தில் புழுதி பறக்காத வயல் இல்லை. ஏன் விதைக்கிறோம் என்று யாரும் யாரிடமும் பேசிக்கொள்ளவில்லை.

ஆனால் மழை வரவில்லை. புரட்டாசி பாதி வரை வானம் வெளுத்துக் கிடந்தது. எறும்பு விதையை இழுத்துக்கொண்டு போவதை ராக்கு வரப்பில் உட்கார்ந்து பார்த்தாள். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று அவள் ஒரு நாள்கூட நினைக்காமல் இருக்கவில்லை. வில்லாயுதம் அரிவாளைத் தீட்ட ஆரம்பித்தான். கருவை வெட்டுகிற அரிவாள்.

"எதுக்கு இப்ப அது?"

"துருப் பிடிக்குதுல்ல."

அரிவாள் தீட்டி முடிந்த மறுநாள் கிழக்கே இருட்டியது. முதலில் தூற்றல்தான். பெட்டி சொன்ன அதே ரெண்டு தூற்றல். அப்புறம் அது நிற்கவில்லை. ஐப்பசி முழுக்கப் பெய்தது. கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்கு வழியாக வழிந்தது. கடைமடைக்குத் தண்ணீர் கேட்காமலே வந்தது. கார்த்திகையில், பயிர் முழங்கால் உயரம் நிற்கிற நேரத்தில், சமீனா விடாமல் எழுதியதன் பலனாக விதைக்கிடங்கிலிருந்து ராக்குவுக்கு விதைநெல் வந்தது. அரசாங்கத்து விதை அது, அப்படித்தான் வரும். டிரம்மில் கொட்டி வேப்பிலை போட்டு மூடினாள்.

தையில் அறுத்தார்கள். இந்த முறை கதிர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. தூற்றியபோது காலடியில் விழுந்ததில் கணுக்கால் புதைந்தது.

"ராக்கக்கா, வெள்ளாமை எப்படி?"

"என்னத்த... ஒண்ணுமில்ல" என்றாள் ராக்கு. கம்பத்தை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, உனக்கு இந்த மழையில தகடு கிகடு ஒண்ணும் ஒழுகலையே?"

"ரொம்பச் சந்தோசம்க்கா."

அவள் குனிந்தாள். மண்ணாங்கட்டி எடுக்கப் போகிறாள் என்று வில்லாயுதம் நினைத்தான். அவள் எடுத்தது அவனுடைய பிய்ந்த செருப்பை. அதில் கயிற்றைக் கோத்துக் கம்பத்தில் கட்டினாள்.

"அடியே, அது மூட்டத்துக்குப் போட்டுப் போற செருப்பு."

"அதான் கட்டுறேன். இனிமே உங்களுக்கு எதுக்கு? ஊர்க் கண்ணெல்லாம் இது மேலதான் கெடக்கு. சுத்துப்பட்டு ஊர்ல எல்லாம் விதைக்காம நின்னுட்டு, உங்க ஊருப் பெட்டிய மட்டும் குடுங்கன்னு கேக்குறாகளாம்."

அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டரை நிறுத்தினாள் சமீனா. இறங்குவதற்குள் அவள் கைப்பேசி அடித்தது. மேலிடத்து அதிகாரி. சத்தமாகப் பேசுகிறவர், பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது. வல்லக்குளம் பெட்டி மழை குறைவு என்று சொல்லியிருக்கிறது, பெய்ததோ கொட்டோ கொட்டு. அதில் ஏதோ கோளாறு. கழற்றி அனுப்பினால், கற்றதையெல்லாம் அழித்துவிட்டுச் சுத்தமாகப் பேச வைத்து அனுப்புகிறோம். பெட்டியில் என்ன பிரச்சினை, சொல்லுங்கள்.

சமீனா செருப்பைப் பார்த்தாள். களத்து நெல்லையும், அதன் மேல் பழைய சாக்கை இழுத்து மூடிக்கொண்டிருந்த வில்லாயுதத்தையும் பார்த்தாள். அவன் இருமவில்லை.

"பிரச்சினையா... ஒண்ணுமில்ல சார்" என்றாள். "ஆமா, உங்க மக பரீட்சை எப்படி எழுதியிருக்கா?"

"ரொம்பச் சந்..." என்று கம்பத்திலிருந்து குரல் கிளம்பியது. ராக்கு பாய்ந்து போய்ப் பெட்டியின் வாயைக் கையால் பொத்தினாள்.